காலை மாவு, மாலை மூச்சு

மேகம் என்று தெருவே அழைத்த ரொட்டிக்காரர் 1951-ஆம் ஆண்டு பிறந்தார். 2021-ஆம் ஆண்டு மறைந்தார். இடைப்பட்ட காலத்தில் பெரும்பகுதியைத் தெருமுனையில் இருந்த ஒரே கடைக்குள் கழித்தார். முன்பக்கம் கண்ணாடி அலமாரியும் கல்லாப்பெட்டியும். நடுவில் மாவு பிசையும் அறை. பின்பக்கம் செங்கல்லால் கட்டிய அடுப்பு. கடையைத் தொடங்கியவர் அவருடைய தந்தை. அடுப்பின் பொறுப்பு தம்பிக்கு. கல்லாவின் பொறுப்பு மனைவிக்கு. மாவு மட்டும் அவருடையது. அதில் வேறொருவர் விரல் படுவதை அவர் ஒருநாளும் ஏற்றதில்லை.

பட்டப்பெயர் வந்த காரணம் எளிது. பிசைந்த மாவை மேசையில் இடுவதற்கு முன், ஒட்டாமல் இருக்க உலர்ந்த மாவைத் தூவுவார்கள். பிறர் அதைக் கிண்ணத்திலிருந்து அள்ளிப் பரப்புவார்கள். இவர் கைப்பிடி மாவை எடுத்து, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி மேசையின் மேல் வீசுவார். மாவு கூரைவரை எழும்பி, ஒரு கணம் அங்கேயே தங்கி, பிறகு மேசையின் மூலை முடுக்கெல்லாம் ஒரே சீராக இறங்கும். அதன்பின் கையால் தடவிவிட வேண்டிய வேலையே இராது. ரொட்டி வாங்க வந்தவர்கள் வாங்கிய பிறகும் அதைப் பார்க்க நிற்பார்கள். எதிர்க்கடைத் தையற்காரர், தாம் தைத்த கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போகக்கூடாது என்று தம் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியே கொடுப்பார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. புதிய மூட்டையைப் பிரித்தவுடன் அதற்குள் முகத்தைப் புதைத்து, கண்ணை மூடி, ஆழமாக ஒரு மூச்சு இழுப்பார். நல்ல மாவா, கிடங்கில் கிடந்து நாள்பட்ட மாவா என்பதை மூக்கே சொல்லிவிடும் என்பார். நிமிரும்போது புருவமும் மீசையும் வெளுத்திருக்கும். கல்யாணமான புதிதில் மனைவி இதைப் பார்த்துவிட்டு, “என்னை ஒருநாள்கூட இப்படிக் கிட்ட வந்து பாத்ததில்லையே” என்றார். “உன்னைப் பாக்க மூக்கு எதுக்கு?” என்று இவர் பதில் சொன்னதும், மனைவி சிரிப்பும் வெட்கமுமாகக் கல்லாவுக்குத் திரும்பிவிட்டதும் தம்பி வாயிலாகத் தெருவுக்குத் தெரிந்த செய்திகள்.

காலையில் வேலை தொடங்கியதும் அவருக்கு மூக்கு ஒழுகும்; கண் அரிக்கும்; நாலைந்து தும்மல் போடுவார்; கொஞ்சம் இருமுவார். ரொட்டிக்காரனுக்கு இதெல்லாம் தொழிலோடு வந்த சளி, இதற்கு மருந்து தேடுகிறவன் வேறு தொழிலைத் தேட வேண்டும் என்று அவர் தந்தையே சொல்லியிருந்தார். ஆகவே ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

நாற்பது வயதைத் தாண்டி நாலைந்து ஆண்டுகள் ஆனபின் அந்த ஓசை முதன்முதலாகக் கேட்டது. மாலை உணவு முடிந்து கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்த நேரம். விசிலடிக்கும் தண்ணீர்க் கெண்டி அடுப்பில் இருப்பதாக எண்ணி மனைவி சமையலறைக்குப் போய்ப் பார்த்தார். அடுப்பு அணைந்திருந்தது. திரும்பி வந்தபோதுதான், அந்த மெல்லிய விசில் கணவரின் நெஞ்சிலிருந்து வருவது புரிந்தது. அவர் முழங்காலில் கைகளை ஊன்றி, தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மனைவி பயந்துபோனார். அவரோ, “ஒண்ணும் இல்ல, மாடிப்படி ஏறினது” என்றார். அவர்கள் வீட்டில் மாடியே கிடையாது.

அது மறுநாள் மாலையும் வந்தது; பிறகு அடிக்கடி வந்தது. மருத்துவர் ஒருவர் இது ஆஸ்துமா என்று சொல்லி நீல நிறப் பம்பு ஒன்றைக் கொடுத்தார். வாயில் வைத்து அழுத்தி இழுத்தால் சிறிது நேரத்தில் நெஞ்சு தளர்ந்துவிடும். அது அவருடைய சட்டைப்பையில் நிரந்தரமாகக் குடியேறியது. ஆனால், வருவது ஏன் என்ற கேள்வி அப்படியே நின்றது. இரைப்பு எப்போதும் வீட்டில்தான் வந்தது, கடையில் வந்ததில்லை. எனவே, குற்றவாளி வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். விசாரணையும் தொடங்கிற்று.

முதலில் சன்னலோரச் சுவரின் ஈரம் பிடிபட்டது, சுண்ணாம்பு அடித்தார்கள். பிறகு பஞ்சுத் தலையணைகள் வெளியேற்றப்பட்டன. அடுத்து மனைவியின் முகப்பவுடர். அவர் வாதாடாமல் டப்பாவை அண்டைவீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். இரைப்பு நிற்கவில்லை. கடைசியில் பூனையின் முறை வந்தது.

பூனைக்குச் சாம்பல் என்று பெயர், நிறமும் அதுவே. பிள்ளை இல்லாத வீட்டில் அது பிள்ளையின் சலுகைகளை எல்லாம் அனுபவித்து வந்தது. மேகம் கடையிலிருந்து வந்து கழற்றிப் போடும் மேலங்கியின்மேல்தான் அதற்குப் பகல் தூக்கம். தூங்கி எழுந்து அவர் மடியில் ஏறினால் அவருக்குத் தும்மல் வரும். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மனைவியின் அக்கா ஒருநாள் கூடையோடு வந்தார். பூனை கூடைக்குள் போக மறுத்து, கட்டிலுக்கடியில் பதுங்கி, அனைவரையும் அரைநாள் அலைக்கழித்தது. அக்கா பேருந்தில் ஏறியபோது மேகம் தாமே கூடையைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தார். திரும்பி வரும் வழியில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். அவரவர் வருத்தம் அவரவருக்கு.

பூனை போய் மாதங்கள் ஆயின. இரைப்பு மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. பூனையின் உரோமம் எளிதில் ஒழியாது, மூலைகளில் ஒளிந்திருக்கும் என்று அவர் சமாதானம் சொன்னார்.

1998-ஆம் ஆண்டு அடுப்பின் தளச் செங்கற்கள் வெடித்துவிட்டன. கொத்தனார் தளம் முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும் என்றார். தந்தை காலத்திலிருந்து முதன்முறையாகக் கடை நாள்கணக்கில் மூடப்பட்டது. சும்மா இருக்கத் தெரியாத கணவரை வீட்டில் வைத்துக்கொள்ள அஞ்சிய மனைவி, அவரைத் தம் அக்கா வீட்டுக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே சாம்பல் இருந்தது. முதல் நாள் அது கோபத்தில் அவர் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டாம் நாள் மதியம் அவர் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தபோது, ஏறி நெஞ்சின்மேல் படுத்துக்கொண்டது. அக்காதான் முதலில் பார்த்தார். தங்கையை அழைத்து, வாயில் விரல் வைத்துக் காட்டினார். மனைவி பதறிப்போய், ஆணியில் தொங்கிய சட்டையில் பம்பைத் தேட ஓடினார். ஆனால் பூனை அவர் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, விசில் இல்லை, தும்மலும் இல்லை. மாலை வந்தது, இரைப்பு வரவில்லை. அங்கிருந்த நாளெல்லாம் பூனை அவரை விட்டு நகரவில்லை, பம்பும் சட்டைப்பையை விட்டு நகரவில்லை.

“தம்பி, உங்க சீக்குக்கு என் வீட்டு முகவரி தெரியல போல” என்றார் அக்கா.

“இங்க காத்து நல்லா இருக்கு” என்றார் அவர்.

மனைவி பூனையின் கூடையைத் தேடி எடுத்தார். திரும்பும்போது கூடையில் பூனையும் வந்தது. அடுப்பின் சாந்து இன்னும் உலரவில்லை என்று கொத்தனார் மேலும் சில நாள் கேட்டார். அந்த நாள்களை அவர்கள் தங்கள் வீட்டிலேயே, அதே சன்னலோரம், அதே கட்டிலில், பூனையோடு கழித்தார்கள். மூச்சு குழந்தையின் மூச்சாக இருந்தது. மனைவி தம் பழைய பவுடரைக்கூட ஒருநாள் அண்டைவீட்டில் கேட்டு வாங்கி, துணிந்து பூசிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. “என்ன, எங்கயாவது கிளம்புறியா?” என்று மட்டும் கேட்டார் அவர்.

கடை திறந்தது. அவர் மூட்டையைப் பிரித்து முகர்ந்தார், மாவை வீசினார், பாடிக்கொண்டே பிசைந்தார். அன்று மாலை, தட்டில் கை வைத்தபோது விசில் கேட்டது.

மனைவிக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. புரிந்ததும் அவருக்கு ஏற்பட்டது மகிழ்ச்சியன்று, அச்சம். ஈரத்தையும் பஞ்சையும் பவுடரையும் விட்டுவிடலாம். பூனையைக்கூடக் கூடையில் வைத்து அனுப்பிவிடலாம். மாவை எங்கே அனுப்புவது? அதோடு அவரையும் அல்லவா சேர்த்து அனுப்ப வேண்டும்? இரண்டு நாள் அதை மனத்துக்குள்ளேயே வைத்துப் புழுங்கினார். மூன்றாம் நாள் சொல்லிவிட்டார்.

மேகம் கோபப்படவில்லை, சிரித்தார். காலை முழுவதும் மாவுக்குள் குளிக்கிறேன், அப்போது வராத இரைப்பு, குளித்து உடை மாற்றி வீட்டில் உட்கார்ந்த பிறகு வருமா என்று கேட்டார். தீயில் கை வைத்தால் அப்போதே சுடுமா, சாயங்காலம் சுடுமா என்றும் கேட்டார். பூனை வந்தது, இரைப்பும் வந்தது என்று அவர் பழைய வழக்கையே மறுபடியும் எடுத்தார். பூனை வந்து எத்தனையோ நாளாயிற்றே என்று மனைவி நினைவூட்டினார். உடனே அவர் சவால் விட்டார்.

“நாளைக்கு நிரூபிக்கிறேன். நீயும் வந்து நில்லு. மாவு என்னை என்ன பண்ணுதுன்னு பாத்துடலாம்.”

மறுநாள் அவர் நடத்தியது ஒரு காட்சி. இரண்டு புதிய மூட்டைகளைப் பிரித்து, இரண்டிலும் மாறி மாறி முகத்தைப் புதைத்தார். ரொட்டியை மிருதுவாக்குவதற்காகச் சில ஆண்டுகளாகச் சேர்த்துவந்த பொடியையும் டப்பாவிலிருந்து அள்ளி முகர்ந்தார். மேசைமேல் மேகத்துக்குமேல் மேகமாக எழுப்பினார். தும்மினார், இருமினார், வெந்நீர் குடித்தார், இருமல் அடங்கியது. மதியம் வெள்ளைப் புருவங்களோடு கல்லாவுக்கு வந்து, வாடிக்கையாளர் முன்னிலையிலேயே நெஞ்சை விரித்து மூச்சு இழுத்து விட்டுக் காட்டினார்.

“கேட்டுக்க. விசில் இருக்கா?”

இல்லை. “வீட்டுக்கு வாங்க, பாக்கலாம்” என்றார் மனைவி. அதைச் சொன்னதற்காகப் பின்னாளில் தம்மையே நொந்துகொண்டார்.

அன்று மாலை வந்தது அதற்குமுன் வந்தவை போன்றதன்று. நீலப் பம்பு ஒருமுறை உதவியது, இரண்டாம் முறை பாதி உதவியது, மூன்றாம் முறை ஒன்றும் செய்யவில்லை. ஒரு சொல்லை முடிக்க அவருக்கு மூச்சு போதவில்லை. உதடு நீலம் பூத்தது. தம்பி ரொட்டி வண்டியிலேயே அண்ணனைக் கிடத்தி, இல்லை, உட்கார வைத்து, ஏனெனில் படுக்க முடியவில்லை, மருத்துவமனைக்கு ஓட்டினார். மனைவி பின்னால் ரொட்டித் தட்டுகளுக்கு இடையே அவர் முதுகைத் தாங்கியபடி இருந்தார்.

பிராணவாயுவும் ஊசியும் முகமூடி வழியே இழுத்த மருந்துப்புகையும் சேர்ந்து அவரை மீட்டன. மறுநாள் நுரையீரல் மருத்துவர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி; தம் வீட்டுக் காலை உணவுக்கு இவர் கடை ரொட்டியே போவதாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் மனைவி ஒழுங்காகச் சொல்லி முடித்ததும், மருத்துவர் நோயாளியின் முன்கையில் வரிசையாகச் சில சொட்டுகளை வைத்து, ஒவ்வொன்றின்மீதும் ஊசிமுனையால் மெல்லக் கீறினார். வீட்டுத் தூசி, பூனை, கோதுமை மாவு, ரொட்டி மிருதுவாக்கும் பொடியில் உள்ள நொதி என்று அடையாளம் சொன்னார். சிறிது நேரத்தில் கடைசி இரண்டும் கொசுக்கடி போலத் தடித்துச் சிவந்தன. பூனையின் இடம் மழுமழுவென்று இருந்தது.

மேகம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “பூனைக்கு ஒண்ணுமே இல்லையா டாக்டரம்மா? நல்லாப் பாத்தீங்களா?”

“பூனை உங்க மேலங்கில படுத்துச்சு. மாவைச் சுமந்துட்டு வந்து உங்க மடியில ஏறுச்சு. அதுமேல தப்பில்ல.”

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டு, “பூனையாவே இருந்திருக்கலாம்” என்றார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனாலும் அவர் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. காலையில் தொட்டது மாலையில் எப்படிச் சுடும் என்ற கேள்வியை மருத்துவரிடமும் கேட்டார். மருத்துவர் அதை நல்ல கேள்வி என்றார். பிறகு திருப்பிக் கேட்டார்:

“ஈஸ்ட் போட்ட உடனே உங்க மாவு பொங்கிடுதா?”

“அதெப்படி? நேரம் ஆகும்.”

“ஏன் நேரம் ஆகுது?”

உள்ளே வேலை நடக்க வேண்டும், ஒன்று இன்னொன்றாக மாற வேண்டும், காற்று சேர வேண்டும், அதற்கெல்லாம் பொழுது பிடிக்கும் என்பதை உலகில் யாரும் அந்த ரொட்டிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதன்பின் மருத்துவர் விளக்கியதை மனைவி கடைசிவரை மறக்கவில்லை. கேட்டவர்க்கெல்லாம் வரிசை மாறாமல் சொல்வார். உடலின் காவல் செல்களுக்கு வாய் கிடையாது. நுண்ணிய புரதங்களைச் சுரந்து அனுப்பியே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அந்தச் செய்திகளுக்குச் சைட்டோகைன் என்று பெயர். மாவுத் துகள் பட்டதும் மூச்சுக்குழாயின் உட்சுவர் ஆபத்து என்று முதல் செய்தியை அனுப்புகிறது. அதைப் பெற்ற வெள்ளணுக்கள் தங்கள் செய்திகளை அனுப்புகின்றன. அவற்றுக்கு இன்டர்லூக்கின் என்று பெயரிட்டு எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். நான்காம் எண், மாவைப் பகையென்று அடையாளம் காட்டும் எதிர்ப்பொருளை உருவாக்கக் கற்றுத்தருகிறது. அந்த எதிர்ப்பொருள் ஒட்டிய செல்கள் மாவைக் கண்டவுடன் வெடித்துக் கொட்டுவதுதான் காலைத் தும்மலும் இருமலும்; அவை சற்று நேரத்தில் அடங்கிவிடும். ஐந்தாம் எண், எலும்பு மஜ்ஜையிலிருந்து இயோசினோபில் என்னும் செல்களைக் கூட்டங்கூட்டமாக வரவழைக்கிறது. பதின்மூன்றாம் எண் சளியைப் பெருக்கி, குழாயைச் சுருங்கத் தூண்டுகிறது. அழைப்பு போய், கூட்டம் வந்து சேர்ந்து, சுவர் வீங்கிச் சிவப்பதற்குப் பல மணிநேரம் ஆகிறது. கடையில் கொடுத்த அழைப்புக்கு விருந்தாளிகள் வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். வந்தவர்கள் இருந்த இடத்தை நாசம் செய்துவிட்டுத்தான் போகிறார்கள்.

“இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு, இப்பவா?” என்று கேட்டார் மேகம். பகையென்று முடிவு செய்ய உடம்பு ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்வதுண்டு, முடிவு செய்தபின் மறப்பது அரிது என்றார் மருத்துவர். நீலப் பம்பு இறுகிய தசையைத் தளர்த்துமே தவிர, அந்தச் செய்திகளை நிறுத்தாது. பழுப்பு நிறப் பம்பு ஒன்றைக் கொடுத்து, இதுதான் செய்திகளை எழுதும் இடத்திலேயே தடுப்பது, உடனே ஒன்றும் தெரியாது, ஆனாலும் விடாமல் இழுக்க வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, இனி மாவைச் சுவாசிக்கவே கூடாது. தொழிலை விடுவதே நல்லது என்று மென்மையாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டுப் போனார்.

மேகம் வீட்டில் இருந்தார். மூச்சு நாளுக்கு நாள் தேறியது. மனிதர் நாளுக்கு நாள் தேய்ந்தார். விடியுமுன் விழித்து, உடுத்திக்கொண்டு, போக இடமில்லாமல் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருப்பார். பூனைக்குத் தலைவாரி விடுவார். கடையில் தம்பி தனியாகத் திண்டாடினார். ரொட்டி ஒருநாள் கல்லாக இருந்தது, ஒருநாள் களியாக இருந்தது. எதிர்க்கடைத் தையற்காரர் நலம் விசாரிக்க வந்தவர், “உங்க தம்பி ரொட்டியை நான் சட்டைக்குப் பொத்தானாத் தைச்சுக்கலாம்” என்றார். மேகம் சிரிக்கவில்லை. தையற்காரர் போனபின் மனைவியிடம், “மூச்சு இருக்கு. அதை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னுதான் தெரியல” என்றார்.

அந்தச் சொல் மனைவியை அன்றே மருத்துவரிடம் அனுப்பியது. அவர் கேட்க நினைத்தது ஒன்றே.

“டாக்டரம்மா, இவருக்கு ஆகாதது மாவா, மாவு பறக்கிறதா?”

பறந்து மூச்சோடு உள்ளே போவதுதான் என்றார் மருத்துவர். நனைந்து பிசைந்த மாவு பறக்காது. அப்படியானால் பிசைந்த மாவை உருட்டலாமா என்று மனைவி கேட்டார். மருத்துவர் தயங்கினார். ஒருமுறை பகை கொண்ட உடம்புக்குச் சிறு தூசியும் போதும், நான் உறுதி தர மாட்டேன் என்றார். மனைவி எழுந்திருக்கவில்லை. கடைசியில் மருத்துவர் நிபந்தனைகளோடு இணங்கினார்: உலர்ந்த மாவு தனி அறையில் அடைபட வேண்டும், அந்த மிருதுவாக்கும் பொடி கடைக்குள்ளேயே வரக்கூடாது, துடைப்பம் கூடாது, ஈரத்துணிதான், நோயாளி தினமும் மூச்சின் வேகத்தை அளக்கும் குழாயில் ஊத வேண்டும், அதன் முள் இறங்கினால் அன்றோடு எல்லாம் முடிந்தது. மாவறையில் வேலை செய்கிறவரும் முகமூடி இல்லாமல் நிற்கக்கூடாது என்றவர், “யாரு செய்யப் போறாங்க?” என்று கேட்டார்.

“நான்தான்.”

“உங்களுக்கு மாவு பிசையத் தெரியுமா?”

“அவரைச் சமாளிக்கத் தெரியும்” என்றார் மனைவி.

அடுப்பின் தளம் போட்ட கொத்தனாரே வந்து சுவர் எழுப்பினார். சுவரில் தட்டு நுழையும் அளவுக்கு, மூடித் திறக்கும் சன்னல். இந்தப் பக்கம் மூட்டைகளும், மூடி போட்ட பிசையும் இயந்திரமும், வெளிக்காற்றுக்குத் தூசியை இழுத்துத் தள்ளும் விசிறியும், மனைவியும். அந்தப் பக்கம் மேசையும் எண்ணெய்க் கிண்ணமும் மேகமும். உலர்ந்த மாவுக்குப் பதில் மேசையில் எண்ணெய் தடவுவதென்று முடிவாயிற்று. கல்லாவைத் தம்பியின் மனைவி ஏற்றுக்கொண்டார்.

முதல் நாள் முகமூடியும் தலைத்துணியும் அணிந்த மனைவியைச் சன்னல் வழியே பார்த்து, “யாரும்மா நீ, வங்கிக் கொள்ளைக்கு வந்தியா?” என்றார் மேகம். சிறிது நேரத்தில் முதல் மாவு சன்னல் வழியே வந்தது. அவர் விரலை வைத்தார். விரல் திரும்பி வரவில்லை.

“இதுல ரொட்டி சுட முடியாது. சுவத்துல சுவரொட்டி ஒட்டலாம்.”

“ஒட்டுங்க. என் படத்தைப் போட்டு ஒட்டுங்க.”

அடுத்தது இறுகிப்போய் வந்தது. அதற்கடுத்தது பரவாயில்லை. மூட்டையை முகராமல் மாவின் குணத்தை எப்படி அறிவது என்று அவர் தவித்தார். பிசைந்த மாவை இழுத்து வெளிச்சத்தில் பிடித்து, அது கிழியாமல் எவ்வளவு மெலிகிறது என்று பார்க்கப் பழகிக்கொண்டார். எண்ணெய் மேசையில் மாவு வழுக்கிக்கொண்டு ஓடியது. முப்பது ஆண்டு பழகிய கை, புதிதாகத் தவழக் கற்றது. பொடி இல்லாததால் மாவை நெடுநேரம் ஊறவிட வேண்டியிருந்தது. மேலே வெண்மாவு பூசிய உருண்டை ரொட்டி, அந்தக் கடையின் பெருமை, அடியோடு நின்றது. கேட்டு வந்தவர்களிடம் தம்பி தலையைச் சொறிந்தார். மேகம் முன்னால் வந்து, “அது என்னைச் சாப்பிடப் பாத்துச்சு, நிறுத்திட்டேன்” என்றார்.

மனைவி அன்றாடம் பயந்தது மாலைக்குத்தான். சாப்பாடு முடிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு அவர் நெஞ்சின் பக்கம் காதைச் சாய்ப்பார். “என்ன, வானொலியா கேக்குற?” என்பார் அவர். பிறகு குழாயை எடுத்து ஊதுவார். முள் நின்ற இடத்தை இருவரும் சேர்ந்து குனிந்து பார்ப்பார்கள். முதல் வாரம் முள் சற்றுத் தடுமாறியது. மனைவி மூட்டையைக் கொட்டும் உயரத்தைக் குறைத்து, அதன் வாயைத் தொட்டிக்குள்ளேயே வைத்துச் சரிக்கத் தொடங்கினார். பிறகு முள் நிலைத்தது. மாதக் கடைசியில் மருத்துவர் ஊதச் சொல்லி, தாமும் குனிந்து பார்த்து, சரி என்று தலையசைத்தார். அன்று மேகம் தாம் உருட்டிய ரொட்டி ஒன்றை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். அதன்மேல் மாவு பூசியிருக்கவில்லை என்பதை மருத்துவர் சுற்றிச் சுற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டாராம்.

எல்லாம் நேராகவே போயிற்று என்று சொல்ல முடியாது. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று ஒருமுறை மேகம் பழுப்புப் பம்பை நிறுத்திவிட்டார். இழுத்தால் ஒன்றும் தெரியாத மருந்தை எதற்கு இழுப்பது என்பது அவர் வாதம். சளிக்காய்ச்சல் ஒன்று வந்து அந்த வாதத்தை முறியடித்தது. அதன்பின் பம்பைக் கையில் கொடுத்து, இழுக்கும்வரை எதிரில் நிற்பது மனைவியின் வேலைகளில் ஒன்றாயிற்று.

அறுபத்தேழு வயதில் இரைப்பு மறுபடியும் தலைதூக்கியது. பழைய மருத்துவர் ஓய்வு பெற்றுவிட்டார், புதியவர் இளைஞர். இரத்தத்தில் இயோசினோபில் மிகுந்திருப்பதைக் காட்டி, ஐந்தாம் எண் செய்தியை மட்டும் வழியில் மடக்கும் ஊசி இப்போது வந்திருக்கிறது என்றார். மேகத்தின் முகத்தில் இருபது ஆண்டுகளாகக் காணாத ஒளியை மனைவி கண்டார். என்ன கேட்கப் போகிறார் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

“அப்ப, ஊசி போட்டுக்கிட்டா, மாவை வீசலாமா?”

“ஒரு தபால்காரரைத்தான் நிறுத்துறோம் ஐயா. மத்தவங்க வேலைக்கு வருவாங்க. நீங்க கடிதம் போடாம இருக்கிறதுதான் நல்லது.”

“சும்மா கேட்டு வச்சேன்” என்றார். ஊசியைப் போட்டுக்கொண்டார். இரைப்பு தணிந்தது. வீடு திரும்பும் வழியில் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ரொம்ப ஆசையா இருக்கா?” என்று கேட்டார். அவர் சற்று யோசித்து, வீசுவதில் இல்லை, அது இறங்கும்போது பார்ப்பதில்தான் ஆசை என்றார். பிறகு, “உன் மாவு இன்னிக்கு கொஞ்சம் இறுக்கம்” என்றார்.

“பல்லு இல்லாதவருக்கு எல்லாம் இறுக்கம்தான்” என்றார் மனைவி.

அவரைக் கடையிலிருந்து நிறுத்தியது மூச்சன்று; முழங்கால். நிற்க முடியாமற்போகும்வரை அந்த மேசையருகே நின்றார். சன்னல் வழியே மனைவி தந்த மாவை மேகம் கடைசியாகக் கையால் உருட்டியது 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 14, சனிக்கிழமை. அன்று மாலையும் குழாயில் ஊதினார். முள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.